ஜீனுக்கு முன்னால் ஒரு எழுத்து

போன மாதம் அபிஷா போன் செய்தாள். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் ஆய்வகத்தில் சேர்ந்த பெண் அவள். இப்போது நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில், மரபணுப் பரிசோதனை முடிவுகளை நோயாளிகளின் குடும்பங்களுக்கு விளக்கிச் சொல்லும் வேலையில் இருக்கிறாள்.

"மேடம், ஒரு ரிப்போர்ட் வந்திருக்கு. புரதத்துக்கான பகுதியில ஒரு கோளாறும் இல்ல. ஆனா அதுக்கு வெளிய ஒரு எழுத்து மாறியிருக்குன்னு போட்டு, 'பொருள் தெரியவில்லை'ன்னு எழுதியிருக்காங்க. வெளிய உக்காந்திருக்க அந்த அம்மாகிட்ட நான் என்னத்தச் சொல்லட்டும்?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை. "செல்வதாஸ் சார் விஷயத்த எழுதித் தாங்க மேடம். இங்க புதுசா வந்த பிள்ளைகளுக்கும் படிக்கக் குடுக்கணும்" என்றாள். போனை வைப்பதற்கு முன் இன்னொரு செய்தியும் சொன்னாள். எலிகளில், பிரியான் ஜீனை வெட்டாமல், அதன் முன்பகுதியில் ஒரு வேதிக்குறியை மட்டும் வைத்து மூளையில் அந்த ஜீனையே அடக்கிவிட்டார்களாம். அந்த முன்பகுதியைப் பார்த்தே என் வேலைக்காலம் முழுவதும் போயிற்று. அங்கே கைவைத்து ஜீனை அடக்க முடியும் என்று எங்கள் செல்வதாஸ் சார் சொல்லிக்கொண்டே இருந்தார். அதைக் கேட்க அவர் இல்லை.

செல்வதாஸ் சாரைப் பற்றி நான் இதுவரை எழுதியதில்லை.

என் ஊர் குலசேகரம் பக்கம். அப்பா ரப்பர் ஷீட் வாங்கி விற்றார். நான் விலங்கியல் படித்து, மதுரையில் கொஞ்சகாலம் பயிற்சி எடுத்து, நாகர்கோவில் அருகே ஒரு கல்லூரியின் ஆய்வகத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். அங்கேயே தலை நரைத்தது. செல்வதாஸ் சார்தான் ஆய்வகத் தலைவர். ஒல்லியான, உயரமான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சேர்ந்த புதிதில் ஒருநாள், "சார், சாம்பிள் கெட்டுப்போச்சு" என்றேன். கையிலிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கெட்டுப்போனதப் பாத்தியா, இல்ல கெட்டுப்போச்சுன்னு நெனச்சியா?"

"கலங்கலா இருந்துச்சு சார்."

"அது பாத்தது. கெட்டுப்போச்சுங்கது நெனச்சது. ரெண்டையும் கலக்காம சொல்லிப் பழகு பிள்ளே."

அவரிடம் எதைச் சொல்லப் போனாலும் இந்தச் சோதனையைத் தாண்டித்தான் போகவேண்டும். சில நாள் எரிச்சலாக இருக்கும். வீட்டில் மகன் "ஸ்கூல்ல எல்லாரும் என்ன அடிச்சாங்க" என்று அழுதுகொண்டு வந்தபோது, "எல்லாருமா? நீ பாத்தியா?" என்று நானே கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

நாங்கள் என்ன செய்தோம் என்று கொஞ்சம் சொல்லவேண்டும். பிரியான் என்பது ஒரு புரதம். உங்கள் மூளையிலும் இருக்கிறது, என் மூளையிலும் இருக்கிறது. மாடு, ஆடு, எலி என்று பாலூட்டிகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஒழுங்காக மடிந்திருக்கும் வரை அதனால் தொல்லை இல்லை. எங்காவது ஒன்று தப்பாக மடிந்துவிட்டால், பக்கத்தில் இருப்பதையும் தன்னைப்போலவே மடக்கும். அது அடுத்ததை மடக்கும். மூளை பஞ்சுபோல ஓட்டை விழுந்து, சில மாதங்களில் உயிர் போய்விடும். மருந்து கிடையாது. பிரிட்டனில் மாடுகளுக்கு வந்த பைத்திய நோய் இந்த வகைதான். மனிதர்களில் மிகமிக அபூர்வமாக, எங்கிருந்தும் தொற்றாமல், குடும்பத்திலும் இல்லாமல், தானாகவே வருவதுண்டு.

அந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்பது முக்கியம். ஜீனை எடுத்துவிட்ட எலிக்கு இந்த நோய் வராது. பாதி அளவு இருந்தால் மெதுவாக வரும், கூடுதலாக இருந்தால் சீக்கிரம் வரும். அப்படியானால் அளவைத் தீர்மானிப்பது எது? புரதத்துக்கான குறிப்பு முழுவதும் ஜீனின் கடைசித் துண்டில் இருக்கிறது. அதற்கு முன்னாலும் இடையிலும் நீளமாகக் கிடக்கும் டி.என்.ஏ.வில் புரதத்துக்கான குறிப்பு ஒன்றுகூட இல்லை. ஒருகாலத்தில் அதைக் குப்பை என்றே சொன்னார்கள். எந்த உறுப்பில், எந்த நேரத்தில், எவ்வளவு புரதம் என்பதை முடிவுசெய்வதில் அந்தப் பகுதிக்குப் பெரிய பங்கு இருக்கிறது. டி.என்.ஏ. நான்கு வேதி எழுத்துகளால் எழுதப்பட்டது. மாட்டின் ஜீனுக்கு முன்னால் இருபத்துமூன்று எழுத்துகள் கொண்ட ஒரு சிறு துண்டு சில மாடுகளில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. உற்பத்தியை அடக்கும் ஒரு புரதம் வந்து உட்காருவதற்கான இடம் அது. இடம் இல்லாத மாட்டில் அடக்க ஆள் இல்லை. நம் ஊர் மாடுகளில் அந்தத் துண்டு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. நோயுள்ள மாடு எதையும் நாங்கள் தொட்டதில்லை. நம் பக்கத்தில் அப்படி ஒரு மாட்டை நாங்கள் கண்டதும் இல்லை. நல்ல மாடுகளின் ரத்தம், அதிலிருந்து டி.என்.ஏ., அவ்வளவுதான்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு சார் எலிக்கதை ஒன்று சொல்வார். வெளிநாடுகளில் வெவ்வேறு ஆய்வகங்கள் இந்த ஜீனை எடுத்துவிட்டு எலிகளை வளர்த்தன. சில இடத்து எலிகள் நன்றாக ஓடியாடின. வேறு சில இடத்து எலிகள் வயதானதும் தள்ளாடி விழுந்தன. எடுத்தது ஒரே ஜீன், பின் ஏன் இப்படி? கடைசியில் பார்த்தால், தள்ளாடிய எலிகளில் ஜீனோடு சேர்த்து அதன் முன்னால் இருந்த, புரதக் குறிப்பு எதுவும் இல்லாத ஒரு சின்னத் துண்டையும் வெட்டியிருந்தார்கள். அது போனதும் மூளையில் அடங்கிக் கிடந்த பக்கத்து ஜீன் அங்கே வேலைசெய்ய ஆரம்பித்துவிட்டது. எலிகளைத் தள்ளாட வைத்தது அந்தப் பக்கத்து ஜீன். "ஒண்ணுமில்லன்னு நெனச்சு வெட்டுன எடம்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார்.

ரத்தம் எடுக்க கால்நடை மருத்துவரோடு நானும் போவேன். பெரும்பாலும் கல்குளம், விளவங்கோடு பக்கத்து வீடுகள். கழுத்துச் சிரையில் எடுத்து, ஊதா மூடிக் குழாயில் விட்டு, மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கக் கூடாது. "தொட்டில் ஆட்டுகது மாதிரி" என்பார் சார். ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து, சிவப்பணுக்களை உடைத்து நீக்கி, வெள்ளையணுக்களைக் கரைத்து, குளிர்ந்த ஆல்கஹாலை விட்டால் டி.என்.ஏ. வெள்ளை நூலாகத் திரண்டு மேலே வரும். எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அது அலுத்ததில்லை. பிறகு வேண்டிய துண்டை மட்டும் பெருக்கி, மின்சாரம் பாய்ச்சி ஜெல் பலகையில் ஓட்டுவோம். இருபத்துமூன்று எழுத்தும் உள்ள துண்டு கனமாக, மெதுவாகப் போய் மேலே நிற்கும். இல்லாதது ஓடிக் கீழே போகும். புற ஊதா விளக்கில் ஆரஞ்சுக் கோடுகளாகத் தெரியும். ஜெல் ஓடி முடியும்வரை சார் உட்காரமாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்.

அப்படி நின்றுகொண்டிருந்த ஒரு காலையில்தான் சொன்னார், "கோடெல்லாம் சாஞ்சு கிடக்கே வசந்தா. ஜெல் சரியா ஊத்தலியா?"

நான் குனிந்து பார்த்தேன். கோடுகள் நேராகத்தான் இருந்தன.

சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அடுத்த வாரம் ஆரஞ்சு நிறம் மங்கிச் சாம்பலாகத் தெரிகிறது என்றார். கண் மருத்துவர் பார்த்துவிட்டு, புரை ஆரம்பித்திருக்கிறது, அறுவைசெய்து எடுத்துவிடலாம் என்று நாள் குறித்துக் கொடுத்தார். எங்களுக்கு நிம்மதி. அந்த வயதில் யாருக்குத்தான் புரை இல்லை? ஆனால் அவர் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு நடந்தார். படியில் காலை வைக்குமுன் காற்றில் தடவினார். அவருடைய மனைவி ரோஸ்லின் டீச்சர் என்னிடம், "ஓட்டுக்கு மேல இருந்து யாரோ இறங்கி வாராங்கங்காரு, வசந்தா. அங்க ஆருமே இல்ல" என்றார்.

கண் அறுவைக்குச் சில நாள் முன்பு, ஆய்வகத்தில் ஒரு ஸ்டீல் ட்ரே என் கையிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தது. மேஜையருகே உட்கார்ந்திருந்த சாரின் இரண்டு கைகளும் துள்ளி எழுந்தன. யாரும் திடுக்கிடுகிற சத்தம்தான். ஆனால் அவர் திடுக்கிட்டவர் மாதிரி இல்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வசந்தா, அந்த ட்ரேய எடு. எனக்குப் பின்னால நின்னு போடு. எப்ப போடுகேன்னு சொல்லாத."

"எதுக்கு சார்?"

"போடு பிள்ளே."

போட்டேன். கைகள் துள்ளின. இன்னொரு தரம் போடச் சொன்னார். எதிர்பார்த்துத்தான் இருந்தார், ஆனாலும் துள்ளின. கூடவே இடது தோளும் வெட்டி இழுத்தது.

"என்னத்தப் பாத்த?"

"கை ரெண்டும் துள்ளிச்சு சார். எடத்து தோளும்."

"நெனச்சது?"

ட்ரேயை மேஜைமேல் வைத்தேன். எத்தனை வருடமாக அந்த நோயின் அடையாளங்களைப் படித்துக்கொண்டிருந்தோம்! பார்வை கோணுவது, நிறம் மாறுவது, தடுமாற்றம், சத்தத்துக்குத் துள்ளுவது. ஒவ்வொன்றாக எங்கள் கண்முன்னால் வந்திருக்கிறது. புரை என்று நம்பிக்கொண்டு இருவரும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

"நானும் அதத்தான் நெனச்சேன்" என்றார். வெளியே பிள்ளைகள் வகுப்பு முடிந்து இரைந்துகொண்டு போனார்கள்.

முதலில் அவர் செய்யச் சொன்னது கண் மருத்துவமனைக்குப் போன் போட்டு அறுவையை நிறுத்துவது. "எனக்கு இது இருந்தா, எனக்க கண்ணுல வச்ச கருவிய சாதாரணமா அவிச்சா போதாது. அது அடுத்த ஆளுக்குப் போகக் கூடாது." நான் போன் போட்டேன். அதன்பிறகு தன் ரத்தத்தை எடுத்து வைக்கச் சொன்னார். "பெனிட்டாவுக்குத் தெரியணும். அவ வயித்துல பிள்ள இருக்கு." பெனிட்டா அவருடைய ஒரே மகள், மஸ்கட்டில் கணவனோடு இருந்தாள். இந்த நோய் சில குடும்பங்களில் ஜீன் வழியாகவும் வரும். தனக்கு வந்தது அந்த வகையா என்று பார்க்க, அறிவு தெளிவாக இருக்கும்போதே சம்மதக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கையெழுத்து கோட்டை விட்டு மேலே ஏறிப் போயிருந்தது.

திருவனந்தபுரத்துக்கு டீச்சரும் நானும் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே நரம்பியல் மருத்துவர் இளைஞர். ஸ்கேன் படத்தைத் திரையில் போட்டுவிட்டு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றார். அதற்குள் சாருக்குப் படம் எதுவும் தெளிவாகத் தெரியாமல் போயிருந்தது.

"வசந்தா, நீ சொல்லு. ஓரத்துல வெள்ளையா இருக்கா?"

மூளையின் மடிப்புகளின் விளிம்பில் நாடா ஒட்டியதுபோல வெள்ளை ஓடியது.

"இருக்கு சார்."

"எங்க கூடுதல்?"

"பின் பக்கம் சார்."

பார்வைக்கான பகுதி அது. "அப்ப செரிதான்" என்று சொல்லிவிட்டு, அந்த இளைஞரின் கையைத் தேடிப் பிடித்துக் குலுக்கினார். டீச்சர் என்னை உலுக்கினார். "என்னது செரி? என்னட்டி செரி?" மருத்துவமனை நடைபாதையில் வைத்துத்தான் நான் டீச்சருக்குச் சொன்னேன். அவர் சுவரில் முதுகை வைத்து அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குமேல் எல்லாம் வேகம். நேற்று நடந்தவர் இன்று நடக்கவில்லை. இன்று பேசியவர் நாளை பேசவில்லை. டீச்சரின் பெயர் அவருக்கு மறந்துபோயிற்று. பெனிட்டா வந்து பக்கத்தில் உட்கார்ந்தபோது அவளைத் தன் அம்மா என்று நினைத்தாரோ என்னவோ, சின்னப்பிள்ளை மாதிரி சிணுங்கினார். ஒருநாள் நான் போயிருந்தபோது அவருடைய வலது கை போர்வைமேல் மெதுவாகக் கவிழ்வதும் நிமிர்வதுமாக இருந்தது. பெனிட்டா, "அப்பா என்ன செய்யுகாங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்தது. ரத்தம் விட்ட ஊதா மூடிக் குழாயைக் கவிழ்த்து நிமிர்த்திக்கொண்டிருந்தார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

சாரின் ரத்தத்தை அனுப்பியிருந்த வெளியூர் ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது: புரதத்துக்கான பகுதி முழுவதும் சரியாக இருக்கிறது, மாற்றம் எதுவும் இல்லை. பெனிட்டா அதை அவர் காதருகே படித்தாள். அவர் கேட்டாரா, தெரியாது.

இதற்கிடையில் ஊரில் பேச்சு கிளம்பியிருந்தது. மாட்டு ரத்தத்தை நோண்டி நோண்டி அவருக்கு மாட்டு நோய் வந்துவிட்டதாம். குலசேகரம் பக்கத்திலிருந்து பொன்னையன் என்பவர் ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் தொழில், கூட இரண்டு பசு. எங்களுக்கு ரத்தம் எடுக்க விட்டவர். வாசலிலேயே நின்றார்.

"எனக்க பசுவுக்க பால சொசைட்டியில எடுக்க மாட்டேங்கானுவ. நீங்க வந்து ஊசி குத்துன வீடு ஒண்ணுக்கும் எடுக்கல்ல. ரெண்டு நேரமும் வாழ மரத்து மூட்டுல கொட்டுகேன். என்ன சூக்கேட பசுவுக்குக் கொண்டுவந்து போட்டிய?"

"அண்ணே, நாங்க ஒண்ணும் போடல்ல. எடுக்கத்தான் செஞ்சோம். உங்க பசுவுக்கு நோயும் இல்ல, சூக்கேடும் இல்ல."

"அப்ப சாருக்கு எப்படி வந்து?"

அவரோடு பால் சொசைட்டிக்குப் போனேன். தானாக வருகிற நோய், மாட்டிலிருந்து வரவில்லை, நாங்கள் பார்த்த மாடெல்லாம் ஆரோக்கியமானவை என்று சொன்னேன். செயலாளர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "நீங்க பறயது செரிதான் மேடம். ஆனா ஆளுவ வாங்கண்டாமா?" என்றார். பொன்னையன் வெறும் கேனைத் தூக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

சார் இறந்தபோது வழக்கமாகக் குளிப்பாட்ட வருகிறவர்கள் வரவில்லை. மருத்துவமனையில் சொல்லிக் கொடுத்தபடி கையுறை போட்டுக்கொண்டு டீச்சரும் நானும் சாரின் தம்பியும் செய்தோம். போதகர் மருத்துவரிடம் விவரம் கேட்டுக்கொண்டு, கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யத் தடையில்லை என்று அறிவித்தார். ஆனாலும் வந்தவர்கள் முற்றத்தோடு நின்றார்கள். அவர் படிப்பித்த பிள்ளைகள்கூட.

டீச்சர் என்னைக் கூப்பிட்டார். "வந்தவங்களுக்கு சாயா போடணும். பொன்னையன் வீட்டுல இருந்து பால் வரச் சொல்லு."

"டீச்சர், இன்னைக்கா?"

"இன்னைக்குத்தான்."

பொன்னையன் தானே பஸ்ஸில் கேனோடு வந்து இறங்கினார். எந்த வீட்டுப் பால் என்பது அதற்குள் முற்றம் முழுக்கப் பரவிவிட்டது. சாயா டம்ளர்கள் தட்டிலேயே ஆவி விட்டுக்கொண்டு இருந்தன. ஒரு கை நீளவில்லை. பெட்டியருகே இருந்த டீச்சர் எழுந்து வெளியே வந்தார். ஒரு டம்ளரை எடுத்து நின்றபடியே கடைசிவரை குடித்தார். தட்டில் திருப்பி வைத்துவிட்டு ஒருவரையும் பார்க்காமல் உள்ளே போய்ப் பெட்டியருகே உட்கார்ந்துகொண்டார். போதகர் ஒன்றை எடுத்தார். பிறகு ஒவ்வொருவராக. பொன்னையன் கேட்டருகில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். சொசைட்டி செயலாளரும் வந்திருந்தார், அவரும் குடித்தார். சில நாளில் பால் எடுக்க ஆரம்பித்தார்கள்.

பெனிட்டாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதற்குப்பின் ஒருநாள் குழந்தையை டீச்சரிடம் விட்டுவிட்டு ஆய்வகத்துக்கு வந்தாள். ஆளே பாதியாகிவிட்டிருந்தாள்.

"ஆன்ட்டி, ஜீன் சரியா இருக்குன்னு ரிப்போர்ட் வந்துச்சு. ஆனா அவங்க பாத்தது புரதத்துக்க பகுதி மட்டும்தான? நீங்களும் அப்பாவும் இத்தன வருசம் பாத்தது அதுக்கு முன்னால இருக்க பகுதி. மாட்டுக்குப் பாத்திய. எனக்க அப்பாவுக்குப் பாருங்க."

"பெனிட்டா மக்களே, மாட்டுல இருக்க துண்டு மனுஷனுக்கு இல்ல. அப்பாவுக்க பகுதியில எழுத்து மாறியிருந்தாலும் அதுக்கு என்ன அர்த்தம்னு சொல்ல ஆளு கிடையாது."

"அங்க அளவக் கூட்டச் சொல்லி எழுதியிருந்தா? அளவு கூடினா சீக்கிரம் வரும்னு அப்பாதான சொல்லுவாங்க? பிள்ள மொகத்தப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் வருது. பாருங்க ஆன்ட்டி."

கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்கினேன். சார் கையெழுத்திட்டுக் கொடுத்த ரத்தத்திலிருந்து டி.என்.ஏ. பிரித்தேன். அந்த வெள்ளை நூல் திரண்டு வந்தபோது முதல்முறையாக அதைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன். எழுத்துகளை இப்படிப் படிக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு மனித டி.என்.ஏ. வேண்டும். மாட்டு ஆய்வகத்தில் மனித டி.என்.ஏ. ஒன்றே ஒன்றுதான் இருந்தது, என்னுடையது. மாட்டுச் சாம்பிளில் எங்கள் கைத்தோல் எதுவும் கலந்துவிட்டதா என்று சோதிக்க வைத்திருந்தோம். எழுத்துகளைப் படித்துத் தரும் இடத்துக்கு அதையும் சேர்த்து அனுப்பினேன்.

முடிவு கணினியில் மலைத்தொடர் மாதிரி வரும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நிறம். ஜீனுக்கு முன்னால் ஓரிடத்தில், ஒற்றைப் பச்சை மலை நிற்கவேண்டிய இடத்தில், சாருக்குப் பச்சையும் கறுப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. பெற்றோர் இருவரில் ஒருவரிடமிருந்து வந்த எழுத்து மாறியிருக்கிறது. உலகத் தரவுத்தளத்தில் தேடினேன். அபூர்வம் என்று இருந்தது. பெனிட்டாவிடம் இதை எப்படிச் சொல்லப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டே, வெறும் பழக்கத்தில், ஒப்பீட்டுக்காக அடுத்ததைத் திறந்தேன்.

அதே இடம். பச்சையும் கறுப்பும்.

பெயரைச் சரிபார்த்தேன். சாரின் படத்தையே மறுபடி திறந்துவிட்டேன் என்று நினைத்து மூடித் திறந்தேன். என்னுடையதுதான். சாரின் டி.என்.ஏ. என்னுடையதில் கலந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்து, புதிதாக என் ரத்தத்தை எடுத்து, தனியாக, வேறு நாளில் அனுப்பினேன். மறுபடி பச்சையும் கறுப்பும். சார் குடும்பமும் என் குடும்பமும் உறவில்லை. அவர்கள் கிறிஸ்தவ சபைக்குப் போகிறவர்கள், நாங்கள் அய்யாவழி நிழல்தாங்கலுக்குப் போகிறவர்கள். அந்த முடிவு வந்த மதியம் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கவேயில்லை. கோடுகள் நேராகத் தெரிகின்றனவா என்று சுவரிலிருந்த ஓடுகளைப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் ஸ்டீல் ட்ரேயைத் தேடி எடுத்து நானே கீழே போட்டும் பார்த்தேன்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் பெனிட்டாவை வரச்சொன்னேன். இரண்டு படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"இது அப்பாவுக்குள்ளது. இந்த எடத்துல எழுத்து மாறியிருக்கு."

அவள் திரையருகே குனிந்தாள். "அடுத்தது?"

"எனக்குள்ளது."

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்துவந்து என் கையைப் பிடித்தாள்.

"ஆன்ட்டி, ஒறங்கினியளா?"

"இல்ல மக்களே."

"தரவுத்தளத்துல அபூர்வம்னு போட்டிருக்கே?"

"அதுல நம்ம பக்கத்து ஆளுக எத்தன பேருன்னு தெரியாது. நம்மள யாரும் எண்ணிப் பாக்கல்ல."

அவளே கல்லூரி அலுவலகத்துக்குப் போய், அங்குள்ளவர்களிடம் எண்ணிப் பார்க்க அனுமதி கேட்டாள். எழுத்துமூலம் சம்மதம் வாங்கிக்கொண்டு சிலரிடம் ரத்தம் எடுத்தோம். ஆசிரியர்கள், நூலகர், காவலாளி, கேன்டீன் நடத்தும் அம்மா. பலருக்கு அந்த மாற்றம் இல்லை, சிலருக்கு இருந்தது. காவலாளிக்கு இருந்தது, எழுபதைத் தாண்டிய அவர் சைக்கிளில் வேலைக்கு வருகிறவர். கேன்டீன் அம்மாவுக்கு இருந்தது. அவருடைய தாயாரும் அப்போது உயிரோடு இருந்தார், அவருக்கும் இருந்தது.

எல்லாம் முடிந்தபின் பெனிட்டா என்முன்னால் உட்கார்ந்தாள். "அப்ப அப்பாவுக்கு அது எதனால வந்து ஆன்ட்டி?"

"தெரியாது."

"அந்த எழுத்தாலயா?"

"அப்படித் தெரியல்ல. இல்லவே இல்லன்னும் என்னால சத்தியம் பண்ண முடியாது. எனக்கும் இருக்கு. நான் சாயா குடிச்சிட்டு வேல செய்யுகேன். அவ்வளவுதான் தெரியும்."

அவள் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "எல்லாரும் எனக்கு ஒரு காரணம் சொன்னாங்க. மாட்டச் சொன்னாங்க, லேபச் சொன்னாங்க, ஜெபம் கொறஞ்சதச் சொன்னாங்க. தெரியாதுன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான்."

அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே டீச்சர் போன் செய்தார். பின்னால் குழந்தை சிரிக்கிற சத்தம் கேட்டது.

"வசந்தா, வந்ததும் வராததுமா பெனிட்டா கட்டில்ல விழுந்து ஒறங்கிட்டா. அவ அப்பா போனதுக்கப்புறம் இப்படி ஒறங்கி நான் பாக்கல்ல. நீ என்னட்டி சொன்ன அவகிட்ட?"

"ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னேன் டீச்சர்" என்றேன்.